கேட்டில் இருக்கும் இலக்கத்தை யார் கொடுத்தது?

இலங்கை மலையகத்தின் ஹட்டன் டவுனில் ஏதாவது ஒரு வீட்டுக் கேட்டைப் பாருங்கள். 45/2, 118/3 என்று ஓர் இலக்கம் எழுதியிருக்கும். தபால்காரருக்காக வைத்த இலக்கம் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். உண்மையில் அது நகர சபையின் வரிப் பதிவேட்டில் அந்த வீட்டுக்கு விழுந்த இலக்கம். வரி போடுவதற்காகச் சபை தெருத் தெருவாகக் காணிகளை எண்ணியது. தபால், கரண்ட் பில், வங்கிக் கணக்கு எல்லாம் பிறகு அதே இலக்கத்தைப் பிடித்துக்கொண்டன.

அங்கிருந்து கொஞ்ச தூரம் மேலே நடந்தால் தேயிலை மலை. அங்கே லயங்கள்: ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் காம்பிராக்கள், முன்னால் இஸ்தோப்பு, அதற்கும் முன்னால் தண்ணீர் ஓடும் கான். கதவுகளில் சபை கொடுத்த இலக்கம் கிடையாது. கடிதம் தோட்டத்தின் பெயருக்கு வரும், தோட்ட ஆபீசில் கிடக்கும், அந்தப் பக்கம் போகிற யாராவது கையில் எடுத்து வருவார்கள். நேர்முகத் தேர்வுக் கடிதம் தேதி போன பிறகு கைக்கு வந்த பிள்ளைகள் எங்கள் பக்கம் இருக்கிறார்கள்.

ஒரு வீட்டுக்கு இலக்கம் இருப்பதும் இன்னொரு வீட்டுக்கு இல்லாததும் எதனால்? காணி வாங்க, வீடு கட்ட, இருக்கிற வீட்டில் ஒரு அறை கூட்ட நினைக்கிற எவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். காணி உறுதிப் பத்திரம் கையில் இருந்தால் மட்டும் போதாது. காணி எந்தச் சபையின் எல்லைக்குள் கிடக்கிறது, அந்தச் சபைக்கு அங்கே என்ன அதிகாரம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

சபை வேறு, செயலகம் வேறு

உள்ளூராட்சியில் மூன்று வகைச் சபைகள் உண்டு. பெரிய நகரங்களுக்கு மாநகர சபை: கண்டி, நுவரெலியா, பதுளை, பண்டாரவளை, மாத்தளை. அடுத்த அளவு டவுன்களுக்கு நகர சபை: ஹட்டன்-டிக்கோயா, தலவாக்கலை-லிந்துலை, கம்பளை, நாவலப்பிட்டி. மற்ற இடமெல்லாம் பிரதேச சபை. மாநகர சபைக்குத் தலைவர் மேயர். மற்ற இரண்டுக்கும் தவிசாளர். உறுப்பினர்கள் நாம் வாக்குப் போட்டு வருபவர்கள். 2018 தேர்தலிலிருந்து வட்டார முறை வந்ததால், உங்கள் வட்டாரத்துக்கென்றே ஓர் உறுப்பினர் இருப்பார். 2023 மார்ச்சில் அந்தச் சபைகளின் காலம் முடிந்தபின், 2025 மே 6 தேர்தல் வரை பெரும்பாலான சபைகளை அதிகாரிகள்தான் நடத்தினார்கள்.

புதியவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பிரதேச சபை வேறு, பிரதேச செயலகம் வேறு. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் செயலகம் மத்திய அரசின் ஆபீஸ். அங்கே யாரும் வாக்கால் வருவதில்லை. அரச காணி அனுமதிப்பத்திரம், அஸ்வெசும நிவாரணக் காசு, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் செயலகத்தில். கிராம சேவகரும் செயலகத்து ஆள்தான். குப்பை, கான், சிறு வீதி, தெரு விளக்கு, சந்தை, நூலகம், மயானம், வீட்டுப் பிளான் அனுமதி, வீடு காணிக்குச் சபை போடும் சோலை வரி என்றால் சபைக்குப் போக வேண்டும். தோட்டத்தில் வேலை செய்கிறவர் தவறான ஆபீசுக்குப் போய்த் திரும்பினால் அன்றைய பேர் போய்விடும். ஒரு நாள் சம்பளம் என்பது சின்ன விஷயமில்லை. அதனால் இந்த வித்தியாசத்தை வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

சோலை வரி எப்படிக் கணக்காகிறது?

வீட்டை எவ்வளவுக்கு விற்கலாம் என்பதை வைத்து இந்த வரியைப் போடுவதில்லை. வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு நியாயமாக என்ன கிடைக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். அதற்கு ஆண்டுப் பெறுமதி என்று பெயர். அந்தத் தொகையில் சபை நிர்ணயித்த வீதம்தான் வரி.

உதாரணத்துக்கு, கழிவெல்லாம் போக ஆண்டுப் பெறுமதி 1,20,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். சபையின் வீதம் 8 என்றால் வருட வரி 9,600. நான்கு காலாண்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 2,400. முழு வருடத்துக்கும் ஜனவரி 31க்கு முன் கட்டினால் வழக்கமாக 10 வீதக் கழிவு தருவார்கள். இந்த வீட்டுக்கு அது 960 ரூபா. கட்டாமல் விட்டால் வாரண்ட் செலவு சேரும், வீட்டுச் சாமானைக் கைப்பற்றவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. மேல் மாடி எழுப்பினாலோ முன்னால் கடை அறை கட்டினாலோ பெறுமதி கூடும், வரியும் கூடும். மதிப்பீடு அதிகம் என்று பட்டால் ஆட்சேபிக்கலாம். ஆனால் அறிவித்தலில் போட்டிருக்கும் தேதிக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அறிவித்தலை அலமாரியில் வைத்துவிட்டு மூன்று மாதம் கழித்து எடுத்துப் பார்ப்பவர்களுக்கு அந்த வழி அடைபட்டுவிடும்.

இதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். சோலை வரி ரசீது உரிமைப் பத்திரம் இல்லை. "இருபது வருஷமா வரி கட்டுறோம், காணி எங்களுதுதானே" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வரியை யார் வேண்டுமானாலும் கட்டலாம், சபை வாங்கிக்கொள்ளும். காணி யாருடையது என்பதை உறுதியும் காணிப் பதிவகமும்தான் சொல்லும். அதேபோல, காணியை வாங்கி உறுதி எழுதியபின் சபைப் பதிவேட்டில் பெயரை மாற்றுவது தனி வேலை. நொத்தாரிசு ஐயா அதையும் செய்திருப்பார் என்று இருந்துவிடாதீர்கள். பழைய சொந்தக்காரர் பெயருக்கே அறிவித்தல் போய்க்கொண்டிருக்கும்.

காணி கைமாறும்போது கட்டுகிற முத்திரை வரியும் கடைசியில் சபையைத்தான் சேருகிறது. முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். முப்பது லட்ச ரூபாக் காணிக்கு 1,19,000 ரூபா. அறவிடுவது மாகாணம், போய்ச் சேருவது காணி இருக்கிற பகுதியின் சபைக்கு. காணி நிறையக் கைமாறும் டவுன் சபையின் கையில் காசு புரள்வதற்கும், தோட்டங்களே நிறைந்த பிரதேச சபை ஒரு கான் கட்டவே திணறுவதற்கும் இதுவும் ஒரு காரணம். தோட்டக் காணி அப்படிக் கைமாறுவதில்லையே.

பென்சிலால் ஒரு கோடு

என் மச்சான் சில வருடங்களுக்கு முன் டவுன் ஓரத்தில் எட்டு பேர்ச் காணி வாங்கினார். வீதியோரக் காணி, உறுதி சுத்தம், சேர்வேயர் பிளானும் இருந்தது. வீட்டுப் பிளான் கீறி எடுத்துக்கொண்டு சபைக்குப் போனோம். தொழில்நுட்ப உத்தியோகத்தர் பிளானை மேசையில் விரித்தார், ஸ்கேலை வைத்தார், வீதி ஓரத்துக்குச் சமாந்தரமாகப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். முன் அறையின் பாதி அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றது.

"இது வீதிக் கோடு, தம்பி. வீதி நாளைக்கு அகலமானா இது வரைக்கும் வரும். இதுக்கு வெளிய கட்ட ஏலாது."

மச்சானுக்கு முகம் செத்துப்போனது. காணி அவருடையதுதான், யாரும் பிடுங்கவில்லை. ஆனால் அந்தத் துண்டில் சுவர் எழுப்ப முடியாது. எட்டு பேர்ச்சுக்குக் காசு கொடுத்தவருக்குக் கட்ட மிஞ்சியது ஆறு பேர்ச் சொச்சம். பின்பக்கம் மண் மேடு என்பதால் பின்னால் தள்ளிக் கட்டவும் வழியில்லை. கடைசியில் பிளானை மாற்றி, ஓர் அறையைக் குறைத்துத்தான் கட்டினார்.

காணி வாங்கும் முன்பே சபையில் வீதிக்கோட்டுச் சான்றிதழ் எடுத்திருந்தால் இது தெரிந்திருக்கும். சின்னக் கட்டணம்தான். அதோடு, வரி நிலுவைக்காகவோ வேறு காரணத்துக்காகவோ காணி சபைக்கு உரித்தாக்கப்படவில்லை என்ற சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். பெரிய காணியைத் துண்டு போட்டு விற்கிறார்கள் என்றால், அந்தப் பிரிப்புக்குச் சபையின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பிளானில் சீல் பாருங்கள். அங்கீகாரம் இல்லாத துண்டை வாங்கினால் உறுதி எழுதலாம், பிளான் பாஸ் பண்ணுவதில் மாட்டிக்கொள்வீர்கள்.

கட்டி முடித்த பிறகும் ஒரு பேப்பர் இருக்கிறது. அனுமதித்த பிளான்படியே கட்டியிருக்கிறீர்கள் என்று சபை தரும் இணக்கச் சான்றிதழ். குடி போன சந்தோஷத்தில் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். பத்து வருடம் கழித்து வங்கியில் கடன் கேட்கும்போதோ வீட்டை விற்கும்போதோதான் இதைத் தேடுவார்கள். அதற்குள் பின்னால் ஒரு அறை, பக்கத்தில் ஒரு கூரை என்று பிளானில் இல்லாதவை முளைத்திருக்கும்.

மலை என்பதால் கூடுதலாக ஒன்று

கொழும்பில் வீடு கட்டுபவருக்கு இல்லாத ஒரு படி நமக்கு உண்டு. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டட அனுமதி கொடுக்கும் முன், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைச் சபை கேட்கும். அவர்கள் வந்து சரிவையும் மண்ணையும் தண்ணீர் ஓடும் பாதையையும் பார்த்து, கட்டலாமா, எந்த நிபந்தனையோடு கட்டலாம் என்று எழுதித் தருவார்கள். இதை வீண் அலைச்சல் என்று முணுமுணுப்பவர்களை நான் கேட்டிருக்கிறேன். நான் அப்படி நினைக்கவில்லை. பின்பக்க மேட்டை நேராக வெட்டி, மண்ணை முன்னால் தள்ளி நிரப்பி, அந்த நிரப்பின்மேல் அத்திவாரம் போட்ட வீடுகளுக்கு ஒரு பெருமழை வந்தால் என்ன ஆகிறது என்று பார்த்திருக்கிறோம்.

கொஸ்லாந்தை மீரியபெத்தையை இங்கே யாரும் மறக்கவில்லை. 2014 அக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை அதற்கு முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. எச்சரித்தது ஒரு நிறுவனம், காணி தோட்டத்தின் கையில், அனர்த்த வேலை செயலகத்தின் கையில். குடும்பங்களை வேறு இடத்துக்கு மாற்றி வீடு கொடுக்க வேண்டியவர் யார் என்பதற்கு ஒரே விடை இல்லாமல் வருடங்கள் போயின. 2025 நவம்பரில் டித்வா புயல் மழையில் மலைநாடு எங்கும் சரிவுகள் வந்தபோதும் முகாம்களில் இதே கேள்விதான் கேட்டது. எந்தக் காணியில் எவருக்கு அதிகாரம் என்பது மலையில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

கானையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மேல் வீட்டுக்காரர் கானை அடைத்து வாசலைச் சிமெந்து போட்டால், தண்ணீர் கீழ் வீட்டுச் சுவருக்குள் இறங்கும். பொதுக் கான் என்றால் சபைக்குப் புகார் கொடுக்கலாம், அடைத்தவரைத் திறக்கச் சொல்லச் சபைக்கு அதிகாரம் இருக்கிறது. மழை தொடங்கும் முன் கொடுங்கள்.

வீதியும் அயலும்

குழி விழுந்த வீதிக்கெல்லாம் வட்டார உறுப்பினரைத் திட்டிப் பயனில்லை. ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை வழியாக நுவரெலியா போகும் ஏ 7 வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது. ஏ, பி வகை வீதிகள் அவர்களுக்கு. அதற்கடுத்த வகை மாகாணத்துக்கு. உள்ளே பிரியும் சிறு வீதிகள் சபைக்கு. தோட்டத்துக்குள் இருப்பவை தோட்டத்துக்கு. ஒரே பயணத்தில் நாலு பேருடைய வீதியில் போய் வீடு சேருகிறோம்.

பக்கத்து வீட்டை யாராவது கராஜாக மாற்றி இரவெல்லாம் தகரம் தட்டினால்? வியாபார அனுமதிப்பத்திரம் கொடுப்பது சபை. குடியிருப்புப் பகுதியில் அந்தத் தொழிலுக்கு அனுமதி உண்டா என்று எழுதிக் கேட்கலாம். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பியுங்கள். எல்லாச் சபையிலும் அதற்கென்று ஒரு தகவல் அதிகாரி இருக்க வேண்டும். தமிழில் எழுதுங்கள், தமிழில் பதில் பெறுவது அரசியலமைப்பு தந்த உரிமை. சிங்களப் படிவத்தை நீட்டி "இதுதான் இருக்கு" என்று சொன்ன ஆபீஸ்களில் நானும் நின்றிருக்கிறேன். அப்போதும் தமிழில் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

தோட்டத்துக்குள் சபை எப்போது வந்தது?

1865ஆம் ஆண்டின் சட்டத்தோடு கொழும்புக்கும் கண்டிக்கும் மாநகர சபை வந்தது. அது கோப்பிக் காலம். லூல்கந்துரையில் முதல் தேயிலைத் தோட்டம் எழும்பியதே 1867இல்தான். கண்டி டவுனில் வீடு வைத்திருந்தவர்களுக்கு அப்போதே ஒரு சபை இருந்தது. அதே மலைகளில் காடு வெட்டிக் கோப்பி நட்டவர்களுக்கு, அவர்கள் குடியிருந்த லயம் தோட்டத்தின் சொத்து. விளக்கு, தண்ணீர், பாதை எல்லாம் துரையின் பொறுப்பு.

1948இல் தோட்டத்து மக்களின் குடியுரிமை பறிபோனதோடு வாக்கும் போனது. பிறகு படிப்படியாகக் குடியுரிமை வந்தது, வாக்கும் வந்தது. எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பெனிகளுக்குப் போனது. காணி அரசுடையது, குத்தகை கம்பெனியுடையது, குடியிருப்பவர் கையில் ஒரு துண்டுப் பேப்பரும் இல்லை.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் வந்தபோதும் இந்த நிலை மாறவில்லை. அதன் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைக் காசைச் செலவழிக்க முடியாது என்றே சொல்லி வந்தார்கள். யோசித்துப் பாருங்கள்: தோட்டத்து மக்கள் வாக்குப் போட்டு, தோட்டத்து ஆளே தவிசாளராக வந்து உட்கார்ந்த சபையும் உண்டு. ஆனால் அவர் பிறந்த லயத்துக்குப் போகும் பாதையில் ஒரு லோட் கல் போட அவரால் முடியாது. மத்திய அமைச்சின் காசு வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. என்னைக் கேட்டால், மலையகத்தின் பாதை, தண்ணீர், மலசலகூடம் எல்லாம் பின்தங்கியதற்குச் சம்பளத்துக்கு அடுத்தபடியாக இந்த ஒரு பிரிவைத்தான் சொல்வேன்.

2018இல் சட்டம் திருத்தப்பட்டது. சபைகள் தோட்டங்களுக்குள்ளும் சேவை செய்ய வழி பிறந்தது. அதே காலத்தில் நுவரெலியா மாவட்டத்தில் பிரதேச சபைகளின் எண்ணிக்கையும் கூடியது: அம்பகமுவையிலிருந்து மஸ்கெலியா, நோர்வூட், நுவரெலியாவிலிருந்து அக்கரப்பத்தனை, கொட்டகலை எனப் புதிய சபைகள் பிரிந்தன. சபை ஆபீஸ் கிட்டே வந்தது. ஆனாலும் காணி கம்பெனியின் குத்தகையில் இருப்பதால் தோட்ட நிர்வாகத்தோடு பேசாமல் எதுவும் நகராது. சபை வந்துவிட்டதே என்று சும்மா இருந்தால் லயத்துப் பாதை அப்படியேதான் கிடக்கும். வருடக் கடைசியில் சபை அடுத்த வருட வரவு செலவுத் திட்டத்தைப் போடும். உங்கள் டிவிசனின் பாதையும் கானும் அதில் ஏற வேண்டுமென்றால் செப்டம்பர், அக்டோபரிலேயே கோரிக்கை எழுத்தில் உள்ளே இருக்க வேண்டும்.

ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டுச் சாவியும் காணி உறுதியும் ஒன்றல்ல. உறுதி கொடுத்தார்களா, அது காணிப் பதிவகத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பிரதேச சபைப் பகுதியில் சோலை வரி எல்லா வீட்டுக்கும் விழுவதில்லை, கட்டடங்கள் நிறைந்த பகுதி என்று சபை பிரகடனம் செய்த இடங்களுக்குத்தான். வரி இல்லை என்பது நிம்மதிதான். ஆனால் பதிவேட்டில் இல்லாத வீட்டுக்கு இலக்கமும் இல்லை.

எங்கள் பக்கத்துப் புது வீட்டுத் திட்டம் ஒன்றில் கொந்தராத்துக்காரர் கட்டும்போது சுவரில் சிவப்புப் பெயின்டால் எழுதிய 14, 15, 16தான் இன்னும் இருக்கிறது. போன வருடம் அங்கே இருக்கிற அக்காமார் சேர்ந்து, பாதைக்குப் பெயரும் வீடுகளுக்கு இலக்கமும் வேண்டும் என்று சபைக்கு மனு எழுதினார்கள். நானும் கூடப் போனேன். இரண்டு பிரதி எடுத்துப் போயிருந்தோம். ஒன்றை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். மற்றதில் தேதியோடு சபையின் சீலை அடித்து வாங்கும் வரைக்கும் மூத்த அக்கா கவுண்டரை விட்டு நகரவில்லை. அந்தப் பிரதி இப்போது பிளாஸ்டிக் உறைக்குள், அவர் வீட்டு சாமிப்படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.